வீடும் முற்றமும் சந்தியும்

கண்டி வீதி வழியாக யாழ்ப்பாணம் செல்வோர் அனைவரும் மாங்குளத்தைக் கண்டிருப்பர். மாங்குளத்தில் இறங்கி நடந்தோர் சிலரே. வண்டி சந்தியில் சிறிது நேரம் நிற்கும். தேநீர் வேண்டுவோர் அருந்துவர். பின்னர் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் நினைவோடு வடக்கே புறப்பட்டு விடுவர். நானும் பல்லாண்டு காலம் அவ்வாறு கடந்து சென்றவனே. சென்ற ஆவணியில்தான், புகையிரதத்தில் வந்து, அந்நிலையத்தில் இறங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

அதற்குக் காரணமானவன் என் மருமகன். அவன் கட்டடக்கலை பயிலும் மாணவன். விடுமுறையில் வீட்டிற்கு வந்திருந்தபோது, யப்பானிய நகரங்களில் வீடும் பொது இடமும் எவ்வாறு அமைந்துள்ளன என்பது பற்றித் தான் வரைந்த படங்களை மேசைமீது விரித்தான். மிக நேர்த்தியான படங்கள். “இவ்வளவு தொலைவிலுள்ள ஊரை இத்துணை நுணுக்கமாக வரைந்தாயே, நம்முடைய ஊர் ஒன்றை எப்போதாவது அளந்து பார்த்தாயா?” என்று கேட்டேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “மாங்குளத்துக்குப் போவோமா, மாமா?” என்றான். அளவு நாடாவையும் வரைதாட் கொப்பியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

மாங்குளத்தை முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்கு வாயில் என்று கூறலாம். தெற்கு வடக்காகக் கண்டி வீதி செல்கிறது. கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக் கடற்கரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். மேற்கே செல்லும் வீதி மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்து வயல்களுக்கு வழிகாட்டுகிறது. 1905 ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை திறக்கப்பட்டபோது, காட்டின் நடுவே இருந்த இந்த இடமும் வெளியுலகோடு பிணைந்தது. 1950 களில் வவுனிக்குளம் திருத்தப்பட்டபோது குடாநாட்டிலிருந்து கமக்காரர் இப்பகுதிக்கு வந்தனர். 1977 ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வந்தோர் பலரும் வன்னியிற் குடியேறினர். இவ்வாறு, வெவ்வேறு வழியில் வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட சந்தி இது.

அதே சந்தியைப் போரும் விரும்பியது. 1990, 1998, 1999, 2008 ஆகிய ஆண்டுகளில் மாங்குளம் கைமாறியது. 1990 இல் நின்ற புகையிரதம் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. இடைப்பட்ட காலத்தில், ஊர் என்று சொல்லத்தக்க கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்தன, மக்கள் இடம்பெயர்ந்தனர், எஞ்சியோர் 2009 ஆம் ஆண்டின் பின்னர் திரும்பி வந்தனர்.

நிலையத்திலிருந்து சந்திக்கு வந்து, தேநீர்க் கடையொன்றின் வாங்கில் அமர்ந்தோம். நாங்கள் தேடிவந்த வீட்டுக்கு வழி கேட்டபோது, அருகிலிருந்த முதியவர் ஒருவர், “பழைய மில்லடியால திரும்பி, பெரிய புளியடியில இறங்குங்கோ, தம்பி” என்றார். நாங்கள் நடந்தோம், மில்லையும் காணவில்லை, புளியையும் காணவில்லை. திரும்பி வந்து கேட்டோம். அவர் சிரித்தார். “மில்லும் இல்லை, புளியும் இல்லை. ஆனால் இடம் அதுதானே!” என்றார்.

அந்த மறுமொழியைக் கேட்டதும் என் மருமகன் கொப்பியைத் திறந்து எதையோ எழுதினான். வழி நெடுகிலும் அவன் எனக்குச் சொல்லி வந்த செய்தியோடு அது பொருந்தி நின்றது. அதனை வாசகர்களுக்கும் கூறுகிறேன்.

2011 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆந் திகதி வடகிழக்கு யப்பானின் கரையோர ஊர்களை ஆழிப்பேரலை துடைத்துச் சென்றது. அதன்பின் கோபே பல்கலைக்கழகத்து ஒசாமு சுக்கிஹாசி என்னும் கட்டடக்கலைஞரின் முயற்சியால், நாடெங்குமுள்ள கட்டடக்கலை மாணவர்கள் ஒரு வேலையைத் தொடங்கினர். மறைந்துபோன ஊர்களை ஐந்நூற்றில் ஒரு பங்கு அளவில், வெண்மையான மாதிரியுருக்களாகச் செய்தனர். அரைக் கிலோமீற்றர் சதுர நிலம் ஒரு மீற்றர் சதுரப் பலகையில் அடங்கிவிடும். வீடு, கடை, கோயில், படகுத்துறை யாவும் அதில் உண்டு. நிறம் மட்டும் இல்லை. அதனை அவ்வூராரிடமே கொண்டுசென்று வைத்தனர். முதியோர் வந்து தம் வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பர். கூரை இன்ன நிறம், இவ்விடத்தில் ஒரு மரம் நின்றது, இந்தப் படியில் அமர்ந்து பேசுவோம் என்பர். மாணவர்கள் அவ்வாறே நிறந்தீட்டி, அவர்களது நினைவைச் சிறு கொடியில் எழுதி நாட்டுவர். சில நாட்களில் வெள்ளை ஊர் வண்ண ஊராகிவிடும்.

புதிய வீட்டுக்குப் படம் வரையுமுன் பழைய வாழ்வைக் கேட்டறிவது யப்பானில் முன்னரும் உள்ள வழக்கமே. கொன் வஜிரோ என்னும் அறிஞர் நாட்டுப்புறக் குடிசைகளை ஊரூராகச் சென்று வரைந்து 1922 இல் நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு ரோக்கியோவைப் பெருநிலநடுக்கம் அழித்தபோது, மக்கள் தகரத்தாலும் பலகையாலும் தாமே எழுப்பிய கொட்டில்களையும் அவர் அதே கவனத்துடன் வரைந்தார். அவற்றை அவர் இழிவாக எண்ணவில்லை.

இவ்வாறு பேசிக்கொண்டே, மில்லில்லாத மில்லடியையும் புளியில்லாத புளியடியையும் கடந்து, நாங்கள் தேடிய வீட்டை அடைந்தோம். இந்திய அரசின் உதவித் திட்டத்தின்கீழ் எழுந்த வீடு அது. வடக்கிலும் கிழக்கிலும் ஏறக்குறைய 46,000 குடும்பங்களுக்கு உதவிய திட்டம்; வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. பணத்தைத் தவணையாகப் பெற்று, வீட்டுக்காரரே முன்னின்று கட்டவேண்டும். ஆதலால் ஒரே அளவான வீடுகளிலும் அவரவர் கைரேகை சிறிதேனும் பதிந்துள்ளது.

அவ்வீட்டு அம்மையாரின் கைரேகை முன்புறத்திலே தெரிந்தது. சுவரோடு சேர்த்துக் கிடுகால் ஒரு பத்தி இறக்கியிருந்தார். அதனடியில் சாணம் மெழுகிய மண்திண்ணை. பின்வளவில் தனியாக ஒரு சிறு குசினி. வீட்டினுள்ளே சமையலறை இருக்கையில் இது ஏன் என்று கேட்டேன். “புகையை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு இருக்கேலுமோ? வீடு சாமான் வைக்க, மழைக்குப் படுக்க. நாங்கள் சீவிக்கிறது இந்தப் பத்தியிலதான், பிள்ளை” என்றார்.

என் மருமகன் பத்தியின் நீள அகலத்தையும், திண்ணையின் உயரத்தையும், முற்றத்து வேம்பு வரையுள்ள தூரத்தையும் அளந்தான். யப்பானிய வீட்டில் அறைக்கும் தோட்டத்துக்கும் இடையே கூரை நிழலில் ஓடும் மரத்தளத்தை எங்காவா என்பர். உள்ளே இருப்பவரும் வெளியே இருந்து வந்தவரும் பாதரட்சையைக் கழற்றாமலே அருகமர்ந்து பேச இடம் தருவது அது. “படத்தில் இதை வரைய எனக்கு ஒரு வாரம் சென்றது, நம்மூரில் ஆச்சி கிடுகு வாங்கி இரண்டு நாளில் செய்துவிட்டாரே!” என்று வியந்தான்.

ரியூ நிசிசாவா என்பவர் 2005 இல் ரோக்கியோவில் அமைத்த வீடொன்று உலகப் புகழ் பெற்றது. ஒரே காணியில் பத்துச் சிறு கட்டடங்கள்; இடையிடையே ஒழுங்கைகளும் செடிகளும். மதில் இல்லை. அதன் படத்தைக் கண்ட அம்மையார், “எங்கட அப்பு காலத்து வளவு மாதிரி இருக்கு” என்றார். உண்மைதான். படுக்கும் வீடு வேறு, தலைவாசல் வேறு, அடுக்களை வேறு, மால் வேறு என, நடுமுற்றத்தைச் சூழத் தனித்தனியாக நின்ற கட்டடங்களே நம் முன்னோரின் வீடு. அடுக்களையில் தீப்பற்றினாலும் படுக்கும் வீடு தப்பும். குடும்பம் பெருகினால் இன்னொரு கொட்டில் எழும்பும். கலியாணத்துக்கு முற்றமே பந்தல்.

பொது இடத்தையும் அவர்கள் மறந்தாரல்லர். யாழ்ப்பாணத்துப் பழைய வாசல்களில், சங்கடப்படலையின் கூரையடியில் வழிப்போக்கர் இளைப்பாறுவர். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி உண்டு. பருத்தித்துறையில் வீதியையே கூரையால் மூடி இருமருங்கும் திண்ணையிட்ட தெருமூடிமடத்தை இன்றும் காணலாம். தன் வீட்டின் ஓர் ஓரத்தையாவது ஊருக்கு விட்டுவைப்பது நமக்குப் புதிதன்று.

இஃது ஏன் இப்போது பேசத்தக்கது? மாங்குளம் வளரப்போகும் ஊர். வீதிகளும் இருப்புப்பாதையும் கூடும் இந்நடுவிடத்தில் வட மாகாணத்தின் தலைநகரை அமைக்கலாம் என்ற யோசனையும் பலகாலும் பேசப்பட்டதே. ஊர் வளரும்போது, படம் வரைபவர் யாரைக் கேட்டு வரைகிறார் என்பதே கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன்னர் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் எழுந்தபோது, நம் வெயிலுக்கு அவை ஒவ்வா, பின்னர் விரித்துக் கட்டவும் இயலா என்று பலர் எதிர்த்தனர். அஃது அவ்வாறே நடைபெறவில்லை.

கேட்டுச் செய்வதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2004 ஆழிப்பேரலையின் பின், தென்பகுதிக் கிரிந்தையில் முஸ்லிம் மீனவருக்காக யப்பானியக் கட்டடக்கலைஞர் சிகெரு பான் வீடுகள் அமைத்தார். உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்களும் இறப்பர் மரமும் கொண்டு, நடுவே கூரையுள்ள திறந்த கூடத்தை வைத்தார். விருந்தினர் வரும்போது பெண்கள் விரும்பினால் மறைவாக இருக்கவும் வழி செய்தார்.

கேளாமற் செய்தால் வரும் துன்பத்தைக் கோபே நகரம் அறியும். 1995 நிலநடுக்கத்தின் பின் முதியோரைச் சீட்டு முறையில் தற்காலிக வீடுகளுக்கு அனுப்பினர். கூரை கிடைத்தது, அயலவர் சிதறினர், தனிமையில் இறந்து, பல நாள் கழித்தே அறியப்பட்டவர் பலர். அதனை எண்ணியே 2011 இன் பின் தோயோ இத்தோ என்னும் கட்டடக்கலைஞரும் நண்பர்களும் தற்காலிகக் குடியிருப்புகளின் நடுவே ‘எல்லோருக்குமான வீடு’ அமைத்தனர். செண்டாய் நகரில் எழுந்த முதலாவது வீடு மிகச் சிறியது: ஒரு பெரிய மேசை, ஒரு விறகடுப்பு, முன்னே ஓர் எங்காவா. அவ்வளவே, ஆனால் அயலவர் கூடினர்.

மாங்குளத்துக்கு வேண்டுவது யப்பானின் கட்டடமன்று. அந்தக் கேட்கும் பழக்கமே. சந்தி, நிலையம், கடைத்தெரு மூன்றையும் ஒரு சில பலகைகளில் அடக்கிவிடலாம். மட்டையும் பசையும் விடுமுறை நாட்களும் போதும். நம் மாணவர்கள் அதனைச் செய்து அந்தத் தேநீர்க் கடை வாங்கின் முன் வைப்பார்களாயின், மில் எங்கே நின்றது, புளி எவ்வளவு நிழல் தந்தது, சந்தை நாளில் வண்டில்கள் எங்கே அவிழ்ந்தன என்று சொல்ல ஆட்கள் இன்னும் இருக்கின்றனர். ஆனால் அவர்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள்.

மாலையில் நிலையத்துக்குத் திரும்பினோம். புகையிரதம் வரச் சிறிது நேரம் இருந்தது. மருமகன் கொப்பியைக் காட்டினான். காலையில் வந்த வழியை வரைந்திருந்தான். வீதியோரத்தில், இன்று வெறும் நிலமாக உள்ள இரண்டிடங்களில், புள்ளிக் கோட்டினால் ஒரு கட்டடமும் ஒரு மரமும். கீழே ‘மில்’ என்றும் ‘புளி’ என்றும் எழுதியிருந்தான். “அடுத்த விடுமுறைக்கும் வருவோமா, மாமா? அந்த ஐயாவிடம் இன்னும் நிறையக் கேட்க இருக்கிறது” என்றான்.

வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.