பிளைமவுத்தா, டாட்ஜா?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீசுல ஆணி ஜாஸ்தி, பொட்டி தட்டியே பொழுது போயிடுது. இந்தப் பொங்கலுக்கு வீட்ல நடந்த ஒரு பஞ்சாயத்தை எழுதியே ஆகணும்னு தோணுச்சு. அதான் வந்துட்டேன்.

என் கூட உட்கார்ந்து பழைய படம் பார்க்கிறது ஒரு தண்டனைன்னு தங்கமணி ஊர் பூரா சொல்லி வெச்சிருக்காங்க. உண்மைதான், மறுக்கல. கதாநாயகி தூணைக் கட்டிக்கிட்டு அழுதுட்டு இருப்பாங்க. தங்கமணியும் கூடவே மூக்கை உறிஞ்சிட்டு இருப்பாங்க. நான் ரிமோட்டை எடுத்து படத்தை நிறுத்தி, "வாசல்ல நிக்குது பாரு, அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்ம வண்டலூர் பக்கத்து ஃபேக்டரில செஞ்சது. இதுல பானெட்டை மட்டும் தூக்க மாட்டாங்க, மட்கார்டு, ஹெட்லைட்டோட முன்பக்கம் மொத்தமா தூக்கிக்கும்"னு ஆரம்பிப்பேன். அப்புறம் அவங்க அழுவாங்க, ஆனா படத்துக்காக இல்ல :)

படத்துல வர்ற கார் என்ன கம்பெனி, என்ன மாடல்னு கண்டுபிடிக்கிறதுதான் நமக்குப் பொழுதுபோக்கு. கேட்கிறப்போ வெட்டி வேலையாத் தெரியும். ஆனா கிட்டத்தட்ட துப்பறியுற சுகம் இருக்கு. சில ஐட்டங்களைச் சொல்றேன், நீங்களே முயற்சி பண்ணிப் பாருங்க.

கருப்பு வெள்ளைப் படத்துல பியட் வந்தா, முதல்ல கதவைப் பாருங்க. 1954ல பிரீமியர் கம்பெனி இங்கே கொண்டுவந்த பியட் 1100ல முன்கதவுக்குக் கீல் பின்பக்கம் இருக்கும். அதாவது கதவு அலமாரி மாதிரி எதிர்ப்பக்கமாத் திறக்கும். 1964ல வந்த டிலைட்ல கீல் முன்பக்கம் வந்துடுச்சு. கதாநாயகி இறங்குற ஒரு செகண்டு போதும், எந்தக் காலத்து வண்டின்னு சொல்லிடலாம். அந்த டிலைட்தான் 1974ல பேர் மாறி பிரீமியர் பத்மினி ஆச்சு. 2014ல வந்த 'பண்ணையாரும் பத்மினியும்' பார்த்தவங்களுக்கு அந்த மூஞ்சி மறக்காது. ஆக, நம்ம அப்பாக்கள் பியட்னு சொன்னதும் பத்மினின்னு சொன்னதும் பல சமயம் ஒரே உடம்புக்கு வெச்ச ரெண்டு பேர். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

அம்பாசிடர்தான் பெரிய தலைவலி. 1950களின் கடைசில வந்த வண்டி, 2014 வரைக்கும் கிட்டத்தட்ட அதே உருவத்துல ஓடிச்சு. கிரில்லை வெச்சுதான் பிரிக்கணும். மூஞ்சி தெரியாம முதுகை மட்டும் காட்டிட்டுப் போனா அம்பேல்.

பீரியட் படம் எடுக்கிறேன்னு கிளம்புறவங்க மாட்டுறதும் இங்கேதான். கதை நடக்கிறது 1980ம்பாங்க, பின்னாடி ஒரு மாருதி 800 ஓடும். அது ரோட்டுக்கு வந்ததே 1983 டிசம்பர்ல. இல்லேன்னா நம்பர் பிளேட்ல ஜம்முனு 'டிஎன்'னு எழுதியிருக்கும். அந்த வரிசை வந்தது 1989ல. அதுக்கு முன்னாடி நம்ம ஊர் வண்டிகள் பலதுக்கு எம்எஸ், எம்டின்னுதான் நம்பர் ஆரம்பிக்கும்.

சரி, இப்போ கொசுவத்தி சுத்துறேன்.

எங்க தாத்தா டிரைவர். கோடம்பாக்கத்துல ஒரு முதலாளிகிட்ட வேலை பார்த்தார். அந்த முதலாளி தன் வண்டிகளை சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுவார். 1960களின் ஆரம்பத்துல வந்த ஒரு படத்துல, ஒரு பாட்டுல, ஹீரோ ஒரு பெரிய வெளிநாட்டு காரை கடற்கரை சாலையில ஓட்டிக்கிட்டுப் போவார். கிட்டத்துல காட்டுறப்போ மட்டும்தான் ஹீரோ. தூரத்துல காட்டுறப்போ ஓட்டினது எங்க தாத்தா. இதுதான் எங்க வீட்டு தல புராணம். (படத்தோட பேரைக் கேட்காதீங்க. சொன்னா நாளைக்கே நீங்க பிரேம் பிரேமாப் பிரிச்சு மேஞ்சுடுவீங்க.)

இந்தக் கதையை எங்கப்பா சொல்லாத ஆள் கிடையாது. என் கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரங்களை உட்கார வெச்சு சொன்னார். "பிளைமவுத்துங்க. எங்கப்பா ஓட்டினது பிளைமவுத்து"ன்னு. பந்தியில பக்கத்துல உட்கார்ந்திருந்த அத்தை சும்மா இருக்காம, "டேய், அது பிளைமவுத்தே இல்ல. டாட்ஜ். நீ அப்போ பொறக்கவே இல்ல, உனக்கு என்ன தெரியும்?"னு போட்டு உடைச்சுட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்ச மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா அன்னிக்கு அதுக்கப்புறம் அவர் அந்தக் கதையைச் சொல்லல. அடுத்து வந்த விசேஷங்கள்லயும் சொல்லல.

எனக்கு அது அப்போ உறைக்கல. யோசிச்சுப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது. அத்தைக்கும் அப்பாவுக்கும் பத்து வயசு வித்தியாசம். அத்தைக்குத் தெரிஞ்ச தாத்தா, வெள்ளை யூனிபார்ம் போட்டுக்கிட்டு அரண்மனை மாதிரி காரை ஓட்டின மனுசன். அப்பாவுக்கு விவரம் தெரியிறதுக்குள்ள தாத்தாவுக்கு ஒரு கண்ணுல பார்வை போயி, டிரைவர் வேலையும் போயிடுச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்ச தாத்தா, மர டெப்போவுக்கு சைக்கிள்ல போய் வந்த வாட்ச்மேன். தன் அப்பா கார் ஓட்டி எங்கப்பா பார்த்ததே இல்ல. அந்தப் பாட்டு ஒண்ணுதான் அவருக்கு இருக்கு. அதுலயும் கை வெச்சா?

சரி, நம்ம வித்தையை இதுல காட்டலைன்னா எப்போ காட்டுறதுன்னு இறங்கினேன். யூடியூப்ல பாட்டு கிடைச்சுது. நாலு நாள் ராத்திரி அதையே ஓட்டிப் பார்த்தேன். கிட்டத்துல காட்டுறதெல்லாம் ஸ்டுடியோவுக்குள்ள எடுத்தது. பின்னாடி திரையில ரோடு ஓடுது, முன்னாடி ஹீரோ ஸ்டியரிங்கை இடமும் வலமுமா ஆட்டுறார். ரோடு என்னவோ நேராத்தான் போகுது :) அதை விட்டுடலாம். தூரத்து ஷாட் மொத்தம் மூணு. ஒண்ணு பக்கவாட்டுல, ஒண்ணு முன்னாடி இருந்து ரெண்டு செகண்டு, ஒண்ணு பின்னாடி இருந்து.

உருண்டை உடம்பு, குண்டு மட்கார்டு, பின்னாடி துடுப்பு எதுவும் தூக்கல. அமெரிக்க வண்டி, 1950களின் முன்பாதி. நம்பர் பிளேட்ல எம்எஸ் வரைக்கும்தான் தெரியுது, மிச்சமெல்லாம் வெள்ளைப் புள்ளி. பழைய போட்டோக்களை எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா பிளைமவுத்தோட அச்சா பொருந்துது. ஆகா, அப்பா ஜெயிச்சுட்டார்னு துள்ளினேன். சும்மா சரிபார்க்கலாமேன்னு டாட்ஜ் கிங்ஸ்வே போட்டோவை எடுத்தேன். அதுவும் அச்சா பொருந்துது!

இங்கேதான் விஷயமே இருக்கு. பிளைமவுத், டாட்ஜ், டிசோட்டோ மூணும் அமெரிக்காவோட கிரைஸ்லர் கம்பெனி பிராண்டுகள். மூணுலயும் விலை குறைஞ்சது பிளைமவுத். வெளிநாட்டுல டாட்ஜ் விக்கிற டீலருக்கும் விலை குறைஞ்ச கார் ஒண்ணு வேணுமே? புதுசா எதுக்கு செய்யணும்னு, பிளைமவுத் உடம்பையே எடுத்து, முன்பக்க அலங்காரத்தையும் பேரையும் மாத்தி, டாட்ஜ் கிங்ஸ்வேன்னு கொடுத்துட்டாங்க. டிசோட்டோ டிப்ளமாட்டும் அதே கதைதான். இந்தியாவுல இந்த வண்டிகளை எல்லாம் பூட்டினது ஒரே இடம், பம்பாய் குர்லாவுல இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். 1944ல வால்சந்த் ஹிராசந்த் ஆரம்பிச்ச கம்பெனி. பின்னாடி பியட் செஞ்சவங்களும் இவங்கதான். ஒரே கோடை நாலு கிளையண்டுக்கு லோகோ மட்டும் மாத்தி டெலிவரி பண்றோமே, அந்த மாதிரி!

பொங்கலுக்கு அத்தை வந்திருந்தாங்க. சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் ஹால்ல இருந்தப்போ லேப்டாப்பை டிவியில மாட்டினேன். போட்டோக்களைக் காட்டி விளக்கினேன். "அத்தை, நீங்க சொன்னதும் சரி, அப்பா சொன்னதும் சரி. வித்தியாசமே பானெட் பக்கம்தான். அந்தக் கால டாட்ஜ்ல நுனியில ஆட்டுக்கடா இருக்கும், பிளைமவுத்ல பாய்மரக் கப்பல் இருக்கும். படத்துல அந்த இடத்துல வெயில் பட்டு மின்னுது, எதுன்னு தெரியல"ன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஆடுதான்டா. வண்டி கழுவ அப்பா எடுத்துட்டு வரும்போது நான் வேப்பிலை பறிச்சு அது வாயில வெப்பேன். தின்ன மாட்டேங்குதேன்னு அழுதிருக்கேன்"ன்னாங்க.

அப்பா அவங்களையே பார்த்துட்டு இருந்தார். "இதை நீ சொன்னதே இல்லையேக்கா"ன்னார்.

"நீ கேட்டதே இல்லையேடா. எப்பப் பார்த்தாலும் பிளைமவுத்து பிளைமவுத்துன்னுட்டு இருந்தே."

"அப்பாதான் பிளைமவுத்துன்னு சொன்னார்."

"சொல்லியிருப்பார். உள்ள இருக்கிற சாமானெல்லாம் பிளைமவுத்துதான்னு இவன்தான் இப்போ சொல்றானே. கழட்டி மாட்டின மனுசனுக்குத் தெரியாதா?"

ஆக, பஞ்சாயத்து முடிஞ்சுது, தீர்ப்பு டிரான்னு நான் எழுந்துக்கப் போனேன். அப்பா, "அந்தப் பின்னாடி இருந்து எடுத்ததை இன்னொரு தடவை போடு"ன்னார். போட்டேன். கார் நேராப் போகுது, வேகம் குறையுது, வலது பக்கம் திரும்புது. பாட்டுல அடுத்த வரி வந்துடுது. "நிறுத்து, கொஞ்சம் பின்னாடி போ. இங்கே. பார்த்தியா?"

நாலு நாள் ராத்திரி கண்ணு முழிச்சுப் பார்த்த நான் அதைப் பார்க்கவே இல்ல. நான் வண்டியை மட்டும்தானே பார்த்துட்டு இருந்தேன். திரும்புறதுக்கு முன்னாடி டிரைவர் ஜன்னல் வழியா ஒரு கை வெளியே வருது. முழுசா நீட்டி, வலது பக்கம் திரும்பப் போறேன்னு சிக்னல் காட்டுது. ரோட்டுல ஈ காக்கா கிடையாது, ஷூட்டிங்குக்காக காலி பண்ணின ரோடு. காதல் பாட்டு பாடிட்டுப் போற ஹீரோ எவனாவது கை காட்டித் திரும்புவானா?

"சைக்கிள்ல வரும்போதும் இப்படித்தான்"ன்னார் அப்பா. "நம்ம சந்துல திரும்பும்போது யாருமே இருக்க மாட்டாங்க. ஆனாலும் கையை நீட்டுவார். நாங்க பசங்கள்லாம் திண்ணையில உட்கார்ந்து சிரிப்போம். எனக்கு வெக்கமா இருக்கும்."

அத்தைக்கு அந்தச் சைக்கிள் கதை புதுசு. அவங்களுக்குக் கல்யாணமாகிப் போனப்புறம் நடந்தது அது. "சைக்கிள்லயுமா?"ன்னு கேட்டுட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

என்ஜினியர் புத்தின்னு ஒண்ணு இருக்கே, அது சும்மா இருக்குமா? அந்தக் காலத்துல எந்த டிரைவரா இருந்தாலும் கை காட்டித்தான் திரும்பியிருப்பார். அந்தக் கை ஹீரோவோடது இல்லைன்னு வேணும்னா நிரூபிக்கலாம், எங்க தாத்தாவோடதுன்னு நிரூபிக்க முடியாது. இது நுனி நாக்கு வரைக்கும் வந்துச்சு. தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. ரிமோட்டைக் கீழ வெச்சுட்டேன்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில அப்பா பக்கத்துல இருந்தவர்கிட்ட பழையபடி ஆரம்பிச்சுட்டார். "டாட்ஜுங்க. வெளிய டாட்ஜ், உள்ள பிளைமவுத்து. எங்கப்பாதான் ஓட்டினார். நீங்க அந்தக் கையைப் பாருங்க."

டிஸ்கி: உங்க வீட்டுலயும் இப்படி ஒரு வண்டிக் கதை கண்டிப்பா இருக்கும். பின்னூட்டத்துல சொல்லுங்க. மாடல் என்னன்னு கண்டுபிடிக்க நானாச்சு. ஓட்டினது யாருன்னு மட்டும் வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுக்கங்க.