முகம் கடைசியில்

படிக்கும் பிள்ளையை வரைய உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் முகத்துக்குப் போய்விடுகிறார்கள். இமை, புருவம், உதடு என்று நாள் முழுக்க இழைப்பார்கள். மணிமங்கலத்தில் என்னிடம் ஓவியம் படிக்க வருகிறவர்களில் பலர் ஒரகடம் கம்பெனிகளில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள். அவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம், முகத்தைக் கடைசிக்கு வையுங்கள் என்பதுதான். கழுத்து குனியும் கோணத்தைப் பிடியுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் கழுத்து விறைத்திருக்கும். கதையில் ஆழ்ந்த பிள்ளையின் தோள் தளர்ந்துவிடும். அந்தக் கோடு சரியாக விழுந்தால் பாதிப் படம் முடிந்தது.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1906இல் தன் மகள் மார்கரீத் படிப்பதை வரைந்தார். அந்தப் படம் பிரான்சில் கிரெனோபிள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவள் நம்மைப் பார்ப்பதில்லை. அதனால்தான் அவள் இடத்தில் நம் வீட்டுப் பிள்ளையை வைத்துப் பார்க்க முடிகிறது.

கோட்டுக்கு அடுத்தது எண்ணெய் வண்ணம். என் ஆசிரியர் கருப்பு ட்யூபைத் தொடவே மாட்டார். அல்ட்ராமரீன் நீலத்தில் பர்ன்ட் அம்பர் கலந்து சாம்பல் எடுப்பார். நீலம் ஒரு பொட்டு கூடினால் மழைக்கால மாலை. அம்பர் கூடினால் விளக்கு வைத்த நேரம். முதல் பூச்சு டர்பன்டைனில் நீர்க்க இருக்கும். மேலே போகப் போக ஆளி எண்ணெய் கூடும். மாற்றிச் செய்தால் வெடிப்பு விடும். காவி நிறக் கீழ்ப்பூச்சு காயும்வரை கித்தானைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார். பிறகு மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே கத்தியால் மெல்லச் சுரண்டுவார். அடியில் இருக்கும் காவி அங்கங்கே தெரியும். பழைய நாள் என்ற உணர்வு அந்தக் காவியிலிருந்துதான் வரும்.

புத்தகத்தின் பக்கம் வெறும் வெள்ளை அல்ல. அதில் பட்ட வெளிச்சம் மேலே எழும்பி மோவாய்க்கு அடியிலும் மூக்கின் கீழும் படியும். அங்கே நிழலை இருட்டாகப் போட்டால் பிள்ளை புத்தகத்தைவிட்டு விலகிவிடும்.

அந்தப் புத்தகப் பக்கத்தில் எழுத்தும் எழுதாதீர்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், 1963 வாக்கில், ஒரு மாணவரின் கணக்கு நோட்டைப் பார்த்த தூண்டுதலில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். அதில் எழுத்துகள் நிறைய உண்டு. ஆனால் வாசித்துப் பொருள் காண முடியாது. வாசிக்க முடிந்தால் பார்ப்பவர் எழுத்தோடு நின்றுவிடுவார்.

இன்றைக்கே தொடங்குங்கள். படிக்கும் பிள்ளையைப் பின்னாலிருந்து வரையுங்கள். முதுகைப் பார்த்தே இன்னார் என்று வீட்டார் பெயர் சொன்னால், அப்புறம் முகத்துக்கு வாருங்கள்.