சீரின்மையும் நோயும்

காவிரிப் படுகையில் முறைவைத்து நீர் விடும் நாள்களில் வாய்க்காலின் நீர்மட்டம் ஏறி இறங்குவது இயல்பு. கரையின் புறத்தே நீர் கசியத் தொடங்கினாலோ, அது உடைப்பின் முன்னறிகுறி. தஞ்சை உழவர் இவ்விரண்டையும் பிரித்தறிவர். இதயத் துடிப்பை ஆராயும் மருத்துவருக்கும் இத்தகைய தெளிவே தேவை.

இதயத்தின் மின்னோட்டத்தைத் துல்லியமாக வரையும் முறையைக் கண்டறிந்த வில்லெம் ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார். அம்முறையில் எடுக்கப்படும் ஈ.சி.ஜி. வரைபடம் சீர் தவறியிருந்தால் அது நோயே என அஞ்சுவோர் பலர். ஆனால், இளையோரின் இதயம் மூச்சை உள்ளிழுக்கையில் விரைந்தும் வெளிவிடுகையில் தளர்ந்தும் துடிப்பது இயற்கை. நன்கு பயின்ற ஓட்ட வீரரின் இதயம் ஓய்வில் நிமிடத்திற்கு 60 முறைக்குக் குறைவாகத் துடிப்பதும் பெரும்பாலும் குறையன்று.

1992இல் புருகாடா சகோதரர்கள் விளக்கிய நோயோ இதற்கு நேர்மாறானது. இதயத்தின் அமைப்பில் பழுது தெரியாது. நாடியும் பெரும்பாலும் சீராகவே இருக்கும். வரைபடத்தின் ஒரு சிறு பகுதியில் கோடு மேலெழுந்து நிற்பதே அதன் அடையாளம். அந்நோய் உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கவல்லது. எனினும், ஏறத்தாழ அதே வடிவம் நலமுள்ளோர் சிலரிடமும் தோன்றுவதுண்டு.

ஆதலால், மருத்துவர் தாளை மட்டும் படிப்பதில்லை, ஆளையும் வினவுகிறார். ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா? குடும்பத்தில் எவரேனும் இளமையில் திடீரென இறந்தனரா? 'ஆம்' என்னும் விடை, சிறு மாற்றத்தையும் மேலாய்வுக்கு உரியதாக்கும். விளையாட்டுத் திடலில் நேர்ந்த மயக்கத்தை வெயிலின் குற்றமென மறைக்கும் மாணவர், தம்மைக் காக்கவல்ல சான்றையே மறைத்துவிடுகிறார்.