வூக்கின் அகராதியும் ஒரு மாணவனின் மௌனமும்

2021 ஒக்ரோபரில், அணிசேரா இயக்கத்தின் 60ஆவது ஆண்டு நிறைவுக் கூட்டத்துக்காகப் பெல்கிரேட் சென்றிருந்தேன். அங்கு கேட்ட உரைகள் மறந்துவிட்டன. மறக்காதது ஓர் ஆசிரியையின் பேச்சு. எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த அவர், பாடசாலையில் செர்பிய மொழி கற்பிப்பவர்.

'பிறந்தது முதல் பேசுகிற மொழியை எதற்காகப் படிக்க வேண்டும்?' என்பதே தமது மாணவர்களின் நிரந்தரக் கேள்வி என்றார். ஏழு வேற்றுமைகள் என்றதும் கொட்டாவி. கைபேசியில் அவர்கள் எழுதுவது இலத்தீன் எழுத்தில், அதிலும் மேற்குறிகளை உதிர்த்துவிட்டு. சிரிலிக் எழுத்து அவர்களுக்கு வகுப்பறைச் சமாசாரம்.

ஆகவே அவர் வூக் கராஜிச்சிடமிருந்து (1787–1864) தொடங்குவாராம். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று செர்பிய மொழியை 30 எழுத்துகளுக்குள் ஒழுங்குபடுத்தியவர் வூக். அதைச் சொன்னால் வகுப்பு தூங்கும். தாளும் மையும் கிடைக்காத சிறுவன், தோட்டா சுற்றிய காகிதத்தில் வெடிமருந்தைக் கரைத்து எழுதிப் பழகிய கதையைச் சொன்னால் நிமிர்ந்து உட்காரும். 1818இல் வியன்னாவில் வெளியான அவரது அகராதியில் கெட்ட வார்த்தைகளும் இருந்தன, 1852ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை நீக்கப்பட்டன என்றால் கடைசி வாங்கும் விழித்துக்கொள்ளும். (எந்தப் பாடத்திட்டக் குழு இதற்குச் சம்மதிக்கும்!) பிறகு, 'வூக் சனங்களின் வாயிலிருந்து சொற்களைச் சேர்த்தார், நீங்களும் வீட்டிலிருந்து ஒரு சொல் கொண்டு வாருங்கள்' என்பார்.

ஒரு பையன் மட்டும் எதையும் கொண்டுவரவில்லை. 1995இல் குரோஷியாவிலிருந்து உழவு இயந்திரத்தில் ஏறி அகதிகளாக வந்த குடும்பம் அவனுடையது. பெல்கிரேட்டில் பாலுக்கு 'ம்லேக்கோ' என்பார்கள். அவனுடைய பாட்டிக்கு அது 'ம்லியேக்கோ'. சிரிப்பார்களே என்று அவன் வாய் திறப்பதில்லை.

ஆசிரியை கரும்பலகையில் அந்த 1818ஆம் ஆண்டு அகராதியின் பெயரை எழுதினார். அகராதி என்பதற்குப் பெல்கிரேட்டில் 'ரெச்னிக்' என்பது வழக்கு. வூக் இட்ட பெயரில் இருப்பதோ 'ர்யெச்னிக்'. அந்தப் பாட்டியின் பேச்சு வழக்கு அது.

மறுநாள் அவன் பதினொரு சொற்களோடு வந்தானாம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், மட்டக்களப்பிலிருந்து ஓர் இளம் நிருபர் அனுப்பிய செய்தியில், மூதாட்டி ஒருவர் தம் மகனைத் தேடியலைந்ததைத் தம் வாயாலேயே சொல்லியிருந்தார். அதிலிருந்த 'மறுகா' எல்லாவற்றையும் 'பின்னர்' என்று திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான். அதன்பின் அந்த நிருபர் யாருடைய பேச்சையும் அவர்கள் பேசியபடி எழுதி அனுப்பியதில்லை.