மறுமொழிக் குரல்கள்

பழைய பாடல்களைப் போல இன்று எவரும் பாடுவதில்லை என்ற கூற்று எந்த நாட்டிலும் எந்தத் தலைமுறையிலும் கேட்கப்படுவதே. ‘றிதம் அன்ட் புளூஸ்’ எனப்படும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை விரும்புவோரிடையே அது சற்று உரத்தே ஒலிக்கின்றது. ஐம்பதுகளையும் அறுபதுகளையும் பொற்காலம் என்பர். தொண்ணூறுகளுக்குப் பிற்பட்டவற்றை இயந்திரம் பாடியவை என ஒதுக்குவர். எமது விடுதியில் இது பற்றி நள்ளிரவு கடந்தும் வாதிட்ட நாட்கள் உண்டு. குரலினிமை, தாளம், சொல்வளம் என்பனவே அவ்வாதங்களில் அளவுகோல்களாக முன்வைக்கப்பட்டன. கேட்போரின் சுவைக்கேற்ப நீளவும் குறுகவும் செய்யும் அளவுகோல்கள் அவை. வெவ்வேறு காலத்துப் பாடல்களை ஒப்புநோக்குதற்கு எனக்கு உதவியது வேறொரு வினா: முன்னின்று பாடுபவருக்கு மறுமொழி கூறுபவர் யார்?

இவ்விசையின் பெயர் பற்றியும் சிறிது கூறவேண்டும். கறுப்பின மக்கள் வாங்கிய இசைத்தட்டுகளின் பட்டியலை ‘பில்போர்ட்’ சஞ்சிகை ‘இன இசைத்தட்டுகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்டு வந்தது. அங்கு பணியாற்றிய ஜெறி வெக்ஸ்லரின் யோசனைப்படி 1949 யூன் மாதத்தில் அத்தலைப்பு ‘றிதம் அன்ட் புளூஸ்’ என மாறியது. 1969 இல் அதே பட்டியல் ‘சோல்’ எனவும், 1982 இல் ‘பிளாக்’ எனவும் பெயர் பெற்று, 1990 இல் பழைய பெயருக்கே மீண்டது. எனவே இதனை ஓர் இசைவடிவத்தின் பெயர் என்பதிலும், ஒரு மக்கட் கூட்டத்தின் இசையைச் சந்தை எவ்வாறு அழைத்து வந்தது என்பதன் வரலாறு எனல் பொருந்தும். பெயர்கள் மாறியபோதும் அம்மக்கள் தம் இசையில் நெடுங்காலம் பேணிய பண்பு ஒன்றுண்டு. வயலிலும் தேவாலயத்திலும் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஒருமித்து மறுமொழி கூறும் முறையே அது. கூத்திலே நாம் பிற்பாட்டு என்பதை இது ஓரளவு ஒத்தது. ஆயின் இங்கே பின்னிற்போர் கேட்டதைத் திருப்பிப் பாடுவதோடு அமையார். ஆமோதிப்பர், ஊக்குவிப்பர், சிலவேளை இடைமறித்தும் பேசுவர்.

லூயி ஜோர்டன் 1949 இல் பதிந்த ‘சற்றடே நைற் பிஷ் பிறை’ என்ற பாடலில் இம்முறை வெளிப்படையாக உள்ளது. நியூ ஓர்லியன்ஸ் நகரத்து இரவு விருந்தொன்றிற் பொலிசார் புகுந்த கதையை அவர் வேடிக்கையாகச் சொல்லிச் செல்ல, வாத்தியக்காரர்கள் கருவியை விட்டு வாயாலே பல்லவியைக் கூவுகின்றனர். கதைசொல்லியும் விருந்தினரும் ஒரே அறையில் நிற்கின்றனர் என்பது கேட்ட மாத்திரத்தே புலனாகும்.

பத்தாண்டுகளின் பின் றே சார்ள்ஸ் செய்தது இதனினும் துணிவானது. பென்சில்வேனியா மாநிலத்து நடன நிகழ்ச்சியொன்றிற் பாடவேண்டியவை யாவும் முடிந்த பின்னும் நேரம் எஞ்சியிருந்தது. தாம் எதைப் பாடினாலும் அதைத் திருப்பிப் பாடுமாறு தமது பெண் பாடகியர் குழுவிடம் கூறிவிட்டு, அவர் மனம்போன போக்கிற் பாடத் தொடங்கினாராம். 1959 இல் ‘வட் ஐ ஸே’ என இசைத்தட்டாக வெளிவந்தது அப்பாடலே. அதன் பிற்பகுதியிற் சொற்கள் உதிர்ந்து வெறும் முனகல்களே எஞ்சுகின்றன. அவர் முனக, பெண்கள் முனகுகின்றனர். ஆலயத்தில் இறைவனை நோக்கி எழுந்த ஒலியைக் காதலுக்குப் பயன்படுத்தினார் எனப் பக்தர் பலர் சினந்தனர். வானொலி நிலையங்கள் சில அதை ஒலிபரப்ப மறுத்தன. ஒத்திகையின்றி ஒரு மனிதன் ஒலியை வீச, அதை ஏந்திக்கொள்ள மற்றவர் ஆயத்தமாக நிற்கும் அந்த நம்பிக்கையே எனக்கு அப்பாடலின் உயிராகப் படுகின்றது.

‘றெஸ்பெக்ற்’ என்ற பாடலின் இரு வடிவங்களை அடுத்தடுத்துக் கேட்டல் இவ்விடத்து மிகுந்த பயன் தரும். ஓட்டிஸ் றெடிங் அதனை எழுதி 1965 இல் மெம்பிஸ் நகரில் பதிந்தார். உழைத்து வீடு திரும்பும் ஆடவன் தனக்குரிய மதிப்பைக் கேட்கிறான். அவனுக்குப் பெரும்பாலும் மறுமொழி கூறுபவை எக்காளமும் சக்ஸபோனுமே. 1967 பெப்ரவரி 14 ஆம் திகதி நியூயோர்க்கில் அறீத்தா பிராங்கிளின் அதே பாடலைப் பதிந்தார். இவ்விசைக்குப் பெயர் சூட்டிய அதே வெக்ஸ்லரே தயாரிப்பாளர். கேட்பவள் இப்போது பெண். அவளிடமும் பணம் உண்டு, தன்மானமும் உண்டு. தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் பகுதி றெடிங்கிடம் இல்லாதது. ஆயினும் பாடலைப் புரட்டிப் போட்டது அதுவன்று; பின்னின்று பாடிய அவருடைய சகோதரிகள் கரோலினும் ஏர்மாவுமே. டிட்ரொயிட் நகரத்துப் போதகரின் புதல்வியராகிய இவர்கள் ஆலயத்திற் கற்ற பழக்கத்தை அப்படியே கொணர்ந்தனர். தலைப்புச் சொல்லின் முதலசையை அவர்கள் விரைந்து அடுக்கும்போது, வீட்டில் அறீத்தாவை அழைக்கும் செல்லப்பெயரும் அதுவாக அமைந்துவிடுகின்றது. றெடிங்கின் பாடலில் ஒருவன் வாசலில் நின்று முறையிடுகின்றான். அறீத்தாவின் பாடலில் அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பமே வாசலை அடைத்து நிற்கின்றது. குடியுரிமைப் போராட்டத்தாரும் பெண்விடுதலை இயக்கத்தாரும் அதைத் தமது பாடலாக்கிக் கொண்டதில் வியப்பில்லை.

பொற்காலம் பேசுவோர் இன்னொன்றையும் மனங்கொள்ளல் வேண்டும். அத்லாந்திக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஆரம்ப வளர்ச்சிக்குக் காரணமாயிருந்தவர் ரூத் பிறவுண். அந்நிறுவனத்தையே ‘ரூத் கட்டிய வீடு’ என்பர். அறுபதுகளில் அவர் வீட்டுவேலை செய்தும் பாடசாலைப் பேருந்து ஓட்டியும் பிழைத்தார். தமக்குச் சேரவேண்டிய பணத்துக்காக நெடுநாட் போராடி, எண்பதுகளின் பிற்பகுதியிலேயே ஒரு தீர்வு கண்டார். முன்னின்று பாடியவரின் கதி இதுவெனில், பின்னின்ற பெயரறியாக் குரல்களின் கதியை ஊகித்துக் கொள்ளலாம்.

இவ்வினா எனக்கு இசைத்தட்டுகளால் மட்டும் எழுந்ததன்று. எமது ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவிற் சிறுவயது முதல் இரண்டாம் குரல் பாடியவள் நான். அம்மா முதலடியை எடுப்பார். பதினான்கு பேர் தொடர்வோம். நான் பல்கலைக்கழகம் புகுந்த ஆண்டில் ஐவரே எஞ்சியிருந்தோம். ஒருவர் காலமானார், ஏனையோர் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சென்றுவிட்டனர். அம்மாவுக்கு எதிரடி பாடிவந்த சின்னம்மாவும் அவர்களுள் ஒருவர். சென்ற நத்தாருக்கு அவர் தமது பகுதியைத் தொலைபேசியிற் பதிந்து அனுப்பினார். அம்மாவின் குரலையும் பதிந்து, இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தேன். சுருதி பொருந்தியது, தாளமும் பொருந்தியது. ஓரிடத்தில் மட்டும் அம்மா மூச்செடுக்கச் சற்றே தாமதிக்க, சின்னம்மாவின் குரல் காத்திராது முன்னே சென்றது. அருகில் நின்றிருந்தால் காத்திருப்பார். அவ்விடத்தை வெட்டிச் சீராக்க ஒரு நிமிடமே போதுமாயிருந்தது. சீராக்கிக் கேட்டுவிட்டு, மீண்டும் பழையபடியே வைத்துவிட்டேன்.

வெவ்வேறு நேரங்களிற் பதிந்த குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இவ்வசதி, பாடகர் தமக்குத் தாமே மறுமொழி கூறவும் வழிசெய்தது. மார்வின் கேயின் ‘வட்ஸ் கோயிங் ஒன்’ 1971 இல் வெளிவந்தது. வியட்நாம் போர்க்களத்திலிருந்து திரும்பிய தம்பியின் அனுபவங்கள் அவர் நெஞ்சை அலைத்த காலம் அது. ஒன்றைத் தெரிந்தெடுப்பதற்கென அவர் இருமுறை பாடிப் பதிந்திருந்தார். ஒலிப்பதிவாளர் இரண்டையும் தற்செயலாக ஒன்றுசேர்த்து ஒலிக்கச் செய்ய, அதுவே அவருக்குப் பிடித்துவிட்டது. பாடலின் தொடக்கத்தில் நண்பர்கள் கூடிப் பேசும் ஆரவாரம் கேட்கின்றது. ஆனால் அவர் துயரத்துக்கு மறுமொழி கூறுவது பெரும்பாலும் அவருடைய இரண்டாவது குரலே. கூட்டத்தின் நடுவே ஒருவன் தன்னோடு தானே பேசிக்கொள்வதாக அமைந்த அப்பாடல், நாட்டின் நிலைமையைப் பற்றியதாகவும் இருப்பது விந்தையே.

இதனால் பின்னிற்போர் மறைந்தே போயினர் எனவும் கூறமுடியாது. றொபேட்டா பிளாக் 1973 இல் தனிமையின் ஆழத்திலிருந்து பாடிய ‘கில்லிங் மீ சொவ்ற்லி’ என்ற பாடலை, 1996 இல் பியூஜீஸ் குழுவினர் மீண்டும் பாடினர். அகதிகள் என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கித் தமக்குப் பெயராக்கிக் கொண்டவர்கள் இவர்கள். லோறின் ஹில் பாட, தோழர்கள் இடையிடையே கூவி உற்சாகப்படுத்துகின்றனர். சிலருக்கு அது இடையூறு. எனக்கோ போதகரின் பேச்சுக்கிடையே எழும் சபையோரின் குரல் போன்றது.

டி ஆஞ்சலோவின் ‘வூடூ’ 2000 ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்தது. 2025 இல் மறைந்த இவரும் போதகர் குடும்பத்தவர். வேர்ஜீனியா மாநிலத்து றிச்மண்ட் நகரில் ஆலயத்திற் பாடி வளர்ந்தவர். அத்தொகுதியிற் பல இடங்களிற் பாடகர் குழுவெனத் தோன்றுவது அவரது ஒரே குரலின் அடுக்குகளே. சொற்கள் தெளிவில்லை என்போர் கூறுவது மெய். ஆனால் அக்குரல்கள் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, ஒன்றுக்காக மற்றொன்று காத்து நிற்பவை போல் அசைகின்றன. இயந்திரத்தின் ஒழுங்கு கைவசமிருந்தும், அருகருகே நிற்கும் மனிதரின் தாமதத்தையே அவர் வேண்டுமென்று தேடியிருக்கிறார். அதே ஆண்டு அப்பாடல்களுடன் மேடையேறியபோது, தனித்து அடுக்கிய குரல்களைப் பாடப் பின்பாட்டுக்காரர்களை அழைத்துச் சென்றார். அவர்களுள் ஒருவரான அன்ரனி ஹமில்ரன் 2003 இல் தமது பாடற்றொகுதியோடு தாமே முன்வரிசைக்கு வந்தார்.