கயிறு பிடிக்கும் கை

சிவகாசியின் கரிசல் மண்ணில் பிறந்தவனுக்குக் கடலோடு என்ன உறவு? ஆயினும் எம் பங்கைச் சார்ந்த இளைஞன் ஒருவன் மண்டபத்தில் படகுப் பணியாளாக இருக்கிறான். அண்ணனைப் பட்டாசு வெடிவிபத்தில் பறிகொடுத்த குடும்பம் அது. "மருந்து வேலை வேண்டாமென்றுதான் அனுப்பினேன், சாமி. கடல் மட்டும் இரக்கம் காட்டுமா?" என்று கேட்டார் தாய்.

1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் ஒன்று மண்டபத்தில் உள்ளது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளையும், குருசடைத் தீவின் மணலில் புதைந்து வாழும் பலனோகிளாசஸ் என்னும் அரிய உயிரினத்தையும் ஆராய்வோர் பலர். அத்தகையோரை ஏற்றிச்செல்வது அவன் படகு. கயிறு வீசுவதும், நீர் இறைப்பதும், வழுக்கும் பலகையில் இறங்குவோர்க்குக் கை கொடுப்பதும் அவன் பணி. ஆய்வேடுகளில் அவன் பெயர் இராது. வாணவேடிக்கையை வியப்போர் திரி செருகிய விரல்களை அறியாதது போலவே.

கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தில் (4:1) புனித பவுல் தம்மைக் கிறிஸ்துவின் பணியாளர் என்கிறார். அங்குள்ள கிரேக்கச் சொல்லின் வேர் துடுப்பு வலிப்பவரைக் குறிக்கும். துடுப்பு வலிப்பவர் செல்லும் திசைக்கு முதுகு காட்டியே அமர்வர். சுக்கான் பிடிப்பவரை நம்பியே வலிப்பர்.

விசுவாசம் ஆபத்தை அகற்றும் உறுதிச்சீட்டு அன்று. "உயிர்காப்புச் சட்டை அணியச் சொல்லுங்கள், அம்மா, செபமும் செய்யுங்கள்" என்றேன். இன்று அவர் செபமாலையில் மகனோடு அப்படகில் ஏறுவோர் அனைவரும் இடம்பெறுகின்றனர்.