முதல் நாளே ஒரு வேலை

ரங்கூனில் 1965-இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது, தமிழ்ப் படிப்பு கோயில் மண்டபங்களில் வந்து ஒதுங்கியது. நான் அ, ஆ எழுதிப் பழகியதும் அப்படியொரு மண்டபத்தில்தான். மற்ற நாளெல்லாம் வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கியோடு பர்மியப் பள்ளி. அங்கே எனக்கு ஒரு பர்மியப் பெயர். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில். அங்கே பாட்டி வைத்த பெயர். கன்னத்தில் பூசிய தனக்கா மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது.

எழுத்தும் பஜனையும் சொல்லிக்கொடுத்தது எங்கள் தெருப் பெரியம்மா. புதுப்பிள்ளை யாராவது வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றால், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் கேட்கமாட்டார். "வாடா தம்பி, இந்தப் பாயைப் பிடி" என்பார். ஒரு முனை அவன் கையில், மறுமுனை எங்களில் ஒருவர் கையில். பாயை விரித்து முடிக்கும்போது அவன் நடு மண்டபத்தில் நிற்பான்.

அவர் வளர்ந்த காலம் அப்படி. 1964-இல் கடைகள் அரசுடைமையான பிறகு லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தெருவில் வீடு வீடாகப் பூட்டு தொங்கியதைச் சிறு வயதிலேயே பார்த்தவர். கோயிலுக்குள் ஓர் ஆள் கூடினால் அந்த வாரம் முழுக்க அவர் முகம் மலர்ந்திருக்கும்.

2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவுக்குள் புகுந்து, விடிவதற்குள் எங்கள் ஊரையும் அடித்தது. பழைய மரங்கள் வேரோடு தெருவில் கிடந்தன. கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. அதையே பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தோம், டெல்டாவிலிருந்து ஆட்கள் வந்து சேரும் வரை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,30,000 பேருக்கு மேல். அந்த நெல் பூமியில் நம் ஆட்களும் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவர்கள். சொந்தக்காரர் வீட்டைத் தேடி வந்த ஒரு குடும்பத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள்.

தமிழ் அவளுக்குப் புரியும், பேச வராது. பர்மியத்திலும் தலையாட்டல்தான். புயலைப் பற்றிக் கேட்க எங்களுக்கு நாக்கு துறுதுறுத்தது. பெரியம்மா ஒரே பார்வையில் அடக்கினார். ஒரு ஜோடி கைத்தாளத்தை அவளிடம் கொடுத்து என் பக்கத்தில் உட்காரவைத்தார். "பாட வேணாம் கண்ணு. தட்டு, போதும்."

தட்டினாள். முதல் பாட்டில் தாளம் தடுமாறியது. எங்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிறு பிள்ளைகளாய் இருந்த நாங்கள் அன்று அப்படி நடந்துகொண்டது எனக்கு இப்போதும் வியப்புதான். பெரியவர்கள் செய்வதைப் பார்த்தே பிள்ளைகளுக்கு அது வந்துவிடுகிறது போலும்.

அடுத்த வாரம் அவளை அனவரத்தா சாலைக்குக் கூட்டிப்போய் 1871-இல் கட்டிய காளி கோயில் கோபுரத்தைக் காட்டினோம். பொம்மைகளை அண்ணாந்து எண்ணத் தொடங்கி, கழுத்து வலித்து விட்டுவிட்டாள். திரும்பும் வழியில் மொஹிங்கா சாப்பிட்டோம். ஆனால் அவளுக்குப் பிடித்தது எங்கள் மாடியிலிருந்து தொங்கிய கயிறுதான். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். நுனியில் ஒரு கிளிப், அதில் பேப்பரோ பையோ மாட்டலாம். அவள் இழுத்தாள். அம்மா ஒரு பையில் முறுக்கு இறக்கினார். உடனே இன்னொரு தரம் இழுத்தாள். இன்னொரு பை வந்தது. அன்றுதான் அவள் சிரித்தாள், வாயெல்லாம் பல்லாக.

ஆடி வந்தது. கோயில் வாசலில் கூழ் ஊற்ற அகப்பையைப் பெரியம்மா அவளிடம்தான் கொடுத்தார். பசியில் நான் வரிசையை முந்திக்கொண்டு கிண்ணத்தை நீட்டினேன்.

"வரிசையில நில்லுடா! எல்லாருக்கும் இருக்கு!"

அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. பெரியம்மா கைதட்டிச் சிரித்தார். என் முறை வந்தபோது எனக்கு ஓர் அகப்பை கூடுதலாகவே விழுந்தது.